சவுத்டேல்: ஊர் கட்டப் போய் மால் கட்டிய கதை

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்று ஒரு பழமொழி உண்டு. கட்டடக் கலையில் இதற்கு உதாரணம் தேடினால், அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் உள்ள சவுத்டேல் சென்டரைத்தான் காட்ட வேண்டும். இன்று உலகம் முழுக்க ஷாப்பிங் மால் என்ற பெயரில் நிற்கும் கட்டடங்களுக்கு அச்சு அங்கேதான் வார்க்கப்பட்டது. நான்கு பக்கமும் மூடிய கட்டடம், உள்ளே ஏசி, நடுவில் உயரமான கூரையோடு ஒரு முற்றம், இரண்டு பெரிய கடைகள், அவற்றுக்கு இடையே வரிசையாகச் சின்னக் கடைகள், வெளியே கண்ணுக்கு எட்டிய தூரம் வரை கார்கள்... எல்லாம் 1956இல் அந்த ஓர் இடத்தில் ஒன்றாகச் சேர்ந்தன.

இதில் வேடிக்கை என்னவென்றால், இதை வரைந்தவருக்குக் கார்களைக் கண்டாலே ஆகாது. அவர் கட்ட நினைத்தது ஓர் ஊரை. கடைகள் அந்த ஊரின் ஒரு பகுதி, அவ்வளவுதான். ஆனால் கடைகள் மட்டும் வந்தன, ஊர் வரவில்லை. கடைசிக் காலத்தில் "இவை என் பிள்ளைகளே இல்லை" என்கிற அளவுக்கு அவர் மால்களை வெறுத்துப் போனார்.

நடுவில் என்ன நடந்தது? விடை கட்டட வரைபடத்தில் இருப்பதைவிட அதிகமாகக் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. வணிகவியல் படிப்பவர்கள் இந்தக் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டியது அதனால்தான்.

எட்டு டாலரோடு வந்தவர்

விக்டர் குரூன் 1903இல் ஆஸ்திரியாவின் தலைநகர் வியன்னாவில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். இயற்பெயர் விக்டர் குருன்பாம். கட்டடக் கலை படித்தார். சோஷலிசக் கொள்கையில் பிடிப்புள்ளவர். மாலை நேரங்களில் அரசியல் நையாண்டி நாடகங்களில் நடித்தும் வந்தார்.

1938 மார்ச்சில் ஹிட்லரின் படை ஆஸ்திரியாவைப் பிடித்தது. யூதர், அதோடு சோஷலிஸ்ட், அதோடு நாஜிகளை மேடையில் கிண்டல் செய்தவர் என்றால் நிலைமை என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. அதே ஆண்டில் அவர் தப்பி நியூயார்க் வந்து சேர்ந்தார். கையில் எட்டு டாலர். ஆங்கிலம் தெரியாது.

பிழைப்புக்குக் கடைகளின் முகப்புகளை வடிவமைக்க ஆரம்பித்தார். தெருவில் போகிறவரை நிறுத்தி, கண்ணாடிக்குள் பார்க்க வைத்து, உள்ளே இழுப்பது எப்படி என்பதில் அவருக்கு இயல்பாகவே ஒரு சாமர்த்தியம் இருந்தது. ஐந்தாவது அவென்யூவில் 1939இல் அவர் வடிவமைத்த சிறிய தோல்பொருள் கடை நல்ல பெயர் வாங்கித் தந்தது. 1940களில் லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் குடிபெயர்ந்தார்.

ஆனால் மனதுக்குள் வியன்னாதான் இருந்தது. பழைய வியன்னாவின் நடுப்பகுதியை நடந்தே சுற்றிவிடலாம். கடை, காபிக்கடை, நாடக அரங்கு, அலுவலகம், வீடு எல்லாம் பக்கம் பக்கமாக இருக்கும். ஒன்றும் வாங்காமல் மணிக்கணக்கில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசலாம். அமெரிக்கப் புறநகரைப் பார்க்கும்போதெல்லாம் அவர் கண்ணில் பட்டது இதன் இல்லாமைதான்.

வீடுகள் இருந்தன, ஊர் இல்லை

இரண்டாம் உலகப் போர் முடிந்து வீடு திரும்பிய வீரர்களுக்கு 1944ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அரசு உத்தரவாதத்தோடு வீட்டுக் கடன் கிடைத்தது. நகரத்துக்கு வெளியே வயல்களும் காடுகளும் வீட்டு மனைகளாக மாறின. 1956 ஜூனில் அதிபர் ஐசனோவர் கையெழுத்திட்ட நெடுஞ்சாலைச் சட்டம் சுமார் 41,000 மைல் நீள விரைவுச் சாலைகளுக்கு வழி செய்தது. வேலை நகரத்தில், வீடு புறநகரில், நடுவில் கார். இதுதான் புதிய வாழ்க்கை முறை.

புறநகரில் வீடுகள் இருந்தன. கடைகள் சாலை ஓரமாக, விளம்பரப் பலகைகளோடு, நீண்டுகொண்டே போயின. ஆனால் நாலு பேர் கூடும் இடம் என்று ஒன்று கிடையாது. வீட்டில் இருக்கும் பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும் காரை எடுக்காமல் எங்கும் போக முடியாது.

குரூன் இதற்கு ஒரு மருந்து யோசித்தார். புறநகரின் நடுவே ஒரு மையம் கட்ட வேண்டும். கார்கள் எல்லாம் வெளிவட்டத்தில் நின்றுவிட வேண்டும். உள்ளே மனிதர்கள் மட்டும் நடக்க வேண்டும். கடைகளோடு நூலகம், தபால் நிலையம், மருத்துவர், கூட்ட அரங்கு எல்லாம் இருக்க வேண்டும். இந்த யோசனையின் முதல் வடிவத்தை, அப்போது அவருடைய மனைவியும் தொழில் கூட்டாளியுமாக இருந்த எல்சி கிரம்மெக்குடன் சேர்ந்து 1943இலேயே ஒரு கட்டடக் கலைப் பத்திரிகையில் வெளியிட்டார்.

யோசனை சரி, பணம் யார் போடுவது? நகராட்சிகள் போடத் தயாராக இல்லை. பணம் வைத்திருந்தவை பெரிய டிபார்ட்மென்ட் ஸ்டோர்கள். (பக்கத்துத் தெரு மளிகைக் கடையை நினைத்துக்கொள்ள வேண்டாம். துணி, பாத்திரம், நகை, மேஜை நாற்காலி என்று பல மாடிகளில் எல்லாம் விற்கும் பிரம்மாண்டமான கடைகள் இவை.) தங்கள் வாடிக்கையாளர்கள் புறநகருக்குப் போவதைப் பார்த்து அவை கவலையில் இருந்தன. டெட்ராய்ட் நகரின் ஹட்சன் நிறுவனம் குரூனை நம்பிப் பணம் போட்டது. 1954இல் நார்த்லேண்ட் சென்டர் திறக்கப்பட்டது. திறந்தவெளி முற்றங்கள், சிற்பங்கள், செடிகொடிகள், நடைபாதைகள் என்று அது பெரிய வெற்றி. குரூன் நாடு முழுவதும் பிரபலமானார்.

ஆண்டுக்கு 126 நாள்

மினியாபொலிஸ் நகரில் 1902 முதல் இயங்கி வந்த டேட்டன்ஸ் கடைக்கும் இதே கவலை. டேட்டன் சகோதரர்கள் ஐவர் அப்போது அதை நடத்தி வந்தார்கள். நகரத்தின் தென்மேற்கே ஈடைனா என்ற புறநகரில், 66ஆம் தெருவும் பிரான்ஸ் அவென்யூவும் சந்திக்கும் இடத்தில் ஒரு மையம் கட்டப்போவதாக 1952இல் அறிவித்தார்கள்.

ஆனால் மின்னசோட்டா ஒரு விஷயத்தில் மோசமான இடம். குளிர்காலத்தில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரி கூடப் போகும். கோடையில் வியர்த்துக் கொட்டும். அங்கே ஆண்டுக்கு 126 நாட்கள்தான் கடைக்குப் போக ஏற்ற பருவநிலை என்று கணக்கிட்டார்கள். மீதி நாளெல்லாம் கடைக்காரர் ஈ ஓட்ட வேண்டியதுதான்!

குரூன் சொன்ன தீர்வு எளிது: மொத்தத்தையும் ஒரே கூரைக்குக் கீழே கொண்டுவந்துவிடலாம். ஐரோப்பாவில் 19ஆம் நூற்றாண்டிலேயே கண்ணாடிக் கூரை போட்ட கடைத்தெருக்கள் இருந்தன. மிலான் நகரில் உள்ளது மிகவும் புகழ்பெற்றது. அதையே ஏசியோடு, பல மடங்கு பெரிதாகச் செய்வதுதான் திட்டம்.

கூரை போட்டதும் பல விஷயங்கள் தாமாக மாறின. வெளிப்பக்கம் கண்ணாடிக் காட்சிப் பெட்டிகள் தேவையில்லாமல் போயின, வெளிச்சுவர்கள் மொட்டையாயின. எல்லாக் கடைகளும் உள்ளே பார்த்து நின்றன. உள்ளே ஒரே தட்பவெப்பம் என்பதால் கடைகளுக்குத் தனித்தனியாக வெளிக்கதவு தேவையில்லை, முகப்பை அப்படியே திறந்து விடலாம். இரண்டு தளங்களாகக் கட்டியதால் நடக்கும் தூரம் குறைந்தது. கார் நிறுத்துமிடமும் இரண்டு மட்டங்களில் இருந்ததால் எந்தத் தளமும் 'மாடி' என்று ஒதுக்கப்படவில்லை.

இன்னொரு துணிச்சலான முடிவு, டேட்டன்ஸ் தன் பரம வைரியான டொனால்ட்சன்ஸ் கடையையும் உள்ளே அழைத்துக்கொண்டது. எதிரியை நாமே கூப்பிட்டு இடம் கொடுப்பதா என்று தோன்றும். ஆனால் எந்தக் கடைத்தெருவிலும் பாத்திரக் கடைகள் ஏன் பக்கம் பக்கமாக இருக்கின்றன என்று யோசித்தால் புரிந்துவிடும். இரண்டு பெரிய கடைகள் இருந்தால் ஜனங்கள் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நடப்பார்கள். நடக்கும் வழியில் சின்னக் கடைகள் இருக்கும். அந்தச் சின்னக் கடைகளிடம் சதுர அடிக்கு அதிக வாடகை வாங்கலாம், விற்பனையில் ஒரு சதவீதமும் கேட்கலாம். கூட்டத்தை இழுக்கும் பெரிய கடைக்கோ சலுகை வாடகை. மால் தொழிலின் கணக்கு பின்னாளில் எங்கும் இப்படித்தான் அமைந்தது.

திறப்பு விழா

1956 அக்டோபர் 8 அன்று சவுத்டேல் திறக்கப்பட்டது. செலவு 2 கோடி டாலர். பரப்பு சுமார் 8 லட்சம் சதுர அடி. 72 கடைகள். 5,200 கார்கள் நிற்க இடம். முதல் நாள் மட்டும் சுமார் 75,000 பேர் வந்தார்கள்.

வந்தவர்கள் கடைகளைவிட அதிகமாக வாய் பிளந்து பார்த்தது நடு முற்றத்தைத்தான். மேலிருந்து வெளிச்சம் இறங்கும் கூரை. மீன் குளம். ஹாரி பெர்டோயா என்ற சிற்பி உருவாக்கிய உயரமான உலோக மரங்கள். 21 அடி உயரக் கூண்டில் வண்ணப் பறவைகள். மாடங்களிலிருந்து தொங்கும் செடிகள். உட்கார ஒரு காபிக்கடை. வெளியே எந்தப் பருவமாக இருந்தாலும் உள்ளே எப்போதும் 24 டிகிரி. முடிவே இல்லாத வசந்த காலம் என்றே விளம்பரம் செய்தார்கள்.

வியன்னாக்காரர் ஒரு வகையில் தன் சதுக்கத்தைக் கட்டிவிட்டார். பனி பெய்யும் ஊரில், கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு, ஒரு பெஞ்சில் உட்கார்ந்து போகிறவர் வருகிறவரைப் பார்க்க ஓர் இடம் கிடைத்தது. பத்திரிகைகள் கொண்டாடின.

எல்லோரும் கொண்டாடவில்லை. அந்தக் காலத்தின் மிகப் புகழ்பெற்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட் அடுத்த மாதமே வந்து சுற்றிப் பார்த்தார். அவருக்கு அப்போது 89 வயது. கிராமத்துத் தெருவின் குறைகள் எல்லாம் இந்த முற்றத்தில் இருக்கின்றன, அதன் அழகு மட்டும் இல்லை என்கிற பொருளில் சொல்லிவிட்டுப் போனார். கிழவர் யாரையும் எளிதில் பாராட்டுகிறவர் அல்ல என்று அதை ஒதுக்கிவிட்டார்கள். ஆனால் அவர் சொன்னதில் விஷயம் இருந்தது.

வராமல் போன ஊர்

சவுத்டேலுக்காகப் போடப்பட்ட திட்டம் 463 ஏக்கருக்கானது. மால் அதில் ஒரு துண்டு. சுற்றிலும் அடுக்குமாடி வீடுகள், தனி வீடுகள், பள்ளிகள், மருத்துவ மையம், பூங்கா, ஏரி எல்லாம் வரைபடத்தில் இருந்தன. வேலையும் வீடும் கடையும் நடந்து போகும் தூரத்தில் அமைய வேண்டும் என்பது குரூனின் ஆசை.

இவ்வளவு நிலத்தை வாங்க அவர் சொன்ன காரணம் வியாபாரிக்குப் புரியும் காரணம். மால் வந்தால் சுற்றியுள்ள நிலத்தின் விலை ஏறும். அந்த ஏற்றத்தை அடுத்தவன் ஏன் அனுபவிக்க வேண்டும்? நீங்களே வாங்கி வையுங்கள் என்றார். விலை ஏறியது. ஆனால் விலை ஏறிய நிலத்தைச் சொந்தக்காரர் என்ன செய்வார்? ஏரி வெட்டுவாரா? நல்ல விலைக்கு விற்பார். துண்டு துண்டாக விற்பனையான நிலத்தில் அலுவலகங்களும் வேறு கடைகளும் வந்தன. 1965இல் பக்கத்தில் ஒரு பெரிய மருத்துவமனையும் வந்தது. ஆனால் ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு கார் நிறுத்துமிடத்தைச் சுற்றிலும் போட்டுக்கொண்டு தனித்தனித் தீவாக நின்றது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகவும் கார்தான்.

கார்களைப் பற்றி ஒரு சின்னக் கணக்கு. ஒரு கார் நிற்பதற்கும் வந்து திரும்புவதற்கும் சேர்த்து சுமார் 300 சதுர அடி வேண்டும் என்று வைத்துக்கொண்டால், 5,200 கார்களுக்கு 15 லட்சத்து 60 ஆயிரம் சதுர அடி. அதாவது கடைகளின் பரப்பைப் போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு இடம் கார்களுக்கு! காருக்கு எதிராகக் கட்டிய கோட்டையைச் சுற்றி அகழி போலக் காரே நின்றது. மாலுக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கூட அந்தத் தார்ப் பாலைவனத்தைத் தாண்டித்தான் உள்ளே நடக்க வேண்டும்.

தேய்மானம் செய்த மாயம்

சவுத்டேல் வெற்றி பெற்றதும் எல்லோரும் நகல் எடுக்க ஆரம்பித்தார்கள். நகலெடுத்தவர்கள் பறவைக் கூண்டையும் சிற்பத்தையும் ஏரியையும் விட்டுவிட்டுக் கடைகளை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அமெரிக்காவில் மால்கள் காளான் போல முளைத்ததற்கு ஜனங்களின் ஆசை மட்டும் காரணம் அல்ல. 1954இல் வந்த வருமான வரிச் சட்ட மாற்றமும் ஒரு முக்கியக் காரணம்.

தேய்மானக் கணக்கில் நேர்கோட்டு முறை, குறைந்து செல் மதிப்பு முறை என்று இரண்டு படிப்போம். பரீட்சையில் பத்து மதிப்பெண் வாங்குவதோடு அதை மறந்தும் விடுவோம். அமெரிக்காவின் முகத்தையே மாற்றிய விஷயம் அது!

ஒரு கோடி டாலருக்கு ஒரு கட்டடம் கட்டியதாக வைத்துக்கொள்வோம். ஆயுள் 40 ஆண்டு. நேர்கோட்டு முறையில் ஆண்டுக்கு இரண்டரை லட்சம் டாலர் தேய்மானம். 1954 சட்டம் புதுக் கட்டடங்களுக்கு இதைப் போல இரண்டு மடங்கு விகிதத்தில், குறைந்து செல் மதிப்பு முறையில் கழித்துக்கொள்ள அனுமதித்தது. முதல் ஆண்டு 5 லட்சம். இரண்டாம் ஆண்டு 4 லட்சத்து 75 ஆயிரம். ஐந்து ஆண்டுகளில் மொத்தம் சுமார் 22 லட்சத்து 60 ஆயிரம். பழைய முறையில் இதே ஐந்து ஆண்டுகளுக்கு 12 லட்சத்து 50 ஆயிரம்தான்.

இதன் பலன் என்ன? கையில் வாடகைப் பணம் வருகிறது. காகிதத்தில் நட்டம் தெரிகிறது. வரி இல்லை. போதாததற்கு, அந்தக் காகித நட்டத்தை வேறு வருமானத்தில் கழித்து அங்கேயும் வரியைக் குறைக்கலாம். சில ஆண்டுகள் கழித்துக் கட்டடத்தை விற்றுவிட்டால் வரும் லாபம் மூலதன ஆதாயம், அதற்குக் குறைந்த வரி. வாங்கியவர் ஓரளவு தேய்மானக் கணக்கை மறுபடி தொடங்குவார். விற்றவர் அடுத்த மாலுக்கு அடிக்கல் நாட்டுவார்.

இங்கே இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, முழுச் சலுகை புதுக் கட்டடத்துக்குத்தான். நகரத்தின் நடுவில் இருக்கும் பழைய கடையைப் பழுதுபார்த்து நடத்துபவருக்கு இந்த ஆதாயம் இல்லை. இரண்டாவது, நிலத்துக்குத் தேய்மானம் கிடையாது. ஆகவே நிலம் மலிவாகவும் கட்டடம் பெரிதாகவும் இருக்கும் இடம்தான் லாபம். அது எங்கே இருக்கிறது? நகரத்துக்கு வெளியே! பழைய கடைத்தெருவைக் கைவிட்டு வயலில் போய்க் கட்டு என்று வரிச் சட்டமே சொன்னது போல ஆயிற்று. மக்கள்தொகை வளராத ஊர்களில்கூட மால்கள் எழுந்ததற்கு இதுதான் சூட்சுமம். பின்னர் வந்த வரிச் சட்டங்கள் இந்தச் சலுகையைச் சுருக்கின. அதற்குள் அமெரிக்கா முழுக்க மால்கள் வந்துவிட்டன.

சவுத்டேல் இந்தச் சட்டத்துக்காகப் பிறந்தது அல்ல. அதை அறிவித்தது 1952இல், சட்டம் வந்ததோ 1954இல். ஆனால் அதன் நகல்களை எண்ணும்போது இந்தச் சட்டத்தை மறந்துவிட்டு எண்ண முடியாது.

சதுக்கம் யாருடையது?

ஊரின் நடுவில் உள்ள சதுக்கத்தில் யார் வேண்டுமானாலும் நிற்கலாம். துண்டுப் பிரசுரம் கொடுக்கலாம். கோஷம் போடலாம். மாலின் நடுவில் உள்ள முற்றத்தில்?

இந்தக் கேள்வி அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லண்ட் நகரில் லாயிட் சென்டர் என்ற மாலுக்குள் சிலர் வியட்நாம் போருக்கு எதிராகப் பிரசுரம் கொடுத்தார்கள். காவலாளிகள் தடுத்தார்கள். 1972இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பு மாலுக்குச் சாதகமாக வந்தது. எல்லோரையும் வா வா என்று அழைத்தாலும் அது தனியார் சொத்துதான் என்பது சாரம். மாநிலங்கள் விரும்பினால் கூடுதல் உரிமை தரலாம் என்று 1980இல் அதே நீதிமன்றம் கலிபோர்னியா வழக்கு ஒன்றில் சொன்னது. கலிபோர்னியா கொடுத்தது. சவுத்டேல் இருக்கும் மின்னசோட்டா கொடுக்கவில்லை. அங்கே வேறொரு மாலில் ரோம ஆடைகளுக்கு எதிராகப் போராடியவர்கள் வழக்கில், 1999இல் மாநில உச்ச நீதிமன்றம் அந்த உரிமை இல்லை என்று தீர்ப்பளித்தது.

குரூன் கட்டியது ஊர்ச் சதுக்கம் போல இருந்தது. அங்கே காபி குடிக்கலாம், மீன் பார்க்கலாம், நண்பரோடு பேசலாம். ஆனால் உரிமையாளருக்குப் பிடிக்காததைப் பேச முடியாது. வியன்னாவில் நாஜிகளை நையாண்டி செய்து நடித்த மனிதர் கட்டிய முற்றத்துக்கு இந்த விதி!

நகரமும் மாலாகியது

புறநகருக்கு வாடிக்கையாளர்கள் போனதும் மினியாபொலிஸ் நகரின் மையம் விழித்துக்கொண்டது. அங்கேயும் குளிர்தானே பிரச்சினை? 1962இல் இரண்டு கட்டடங்களுக்கு இடையே தெருவுக்கு மேலே முதல் மூடிய நடைபாலம் கட்டினார்கள். பிறகு அது வலைபோல நகரெங்கும் பரவியது. 1967இல் முக்கியக் கடைத்தெருவான நிக்கொலெட் அவென்யூவில் தனியார் கார்களைத் தடை செய்து, பேருந்துக்கும் நடப்பவர்களுக்கும் விட்டார்கள். நகரத்திலிருந்து கடன் வாங்கிய யோசனையைப் புறநகர் பெரிதாக்கியது. இப்போது நகரம் அதைப் புறநகரிடமிருந்து திருப்பிக் கடன் வாங்கியது.

டேட்டன்ஸ் நிறுவனமோ சும்மா இருக்கவில்லை. நகரத்தைச் சுற்றி புரூக்டேல் 1962இல், ரோஸ்டேல் 1969இல், ரிட்ஜ்டேல் 1974இல் என்று வரிசையாக மால்களைத் திறந்தது. 1962இலேயே டார்கெட் என்ற பெயரில் மலிவு விலைக் கடை ஒன்றையும் தொடங்கியது. 1969இல் டெட்ராய்டின் ஹட்சன் நிறுவனத்தோடு இணைந்தது. அதாவது குரூனின் இரண்டு பெரிய வாடிக்கையாளர்களும் ஒரே நிறுவனம் ஆனார்கள்! காலப்போக்கில் பிள்ளை தாயைவிடப் பெரிதாகி, 2000இல் மொத்த நிறுவனத்தின் பெயரே டார்கெட் என்று மாறியது. டேட்டன்ஸ் என்ற பெயர் 2001இல் கடைகளிலிருந்து இறங்கியது. 1902இல் தொடங்கிய அந்த நகர மையக் கடை, வேறு பெயரில் 2017 வரை இயங்கி மூடப்பட்டது.

மால்களுக்கும் அதே கதி வந்தது. 1992இல் ஈடைனாவுக்கு அருகில் புளூமிங்டனில் மால் ஆஃப் அமெரிக்கா திறக்கப்பட்டது. உள்ளேயே ரோலர் கோஸ்டர் ஓடும் பிரம்மாண்டம் அது. புரூக்டேல் 2010இல் மூடப்பட்டு, பெரும்பகுதி இடிக்கப்பட்டது. டெட்ராய்டின் நார்த்லேண்ட் 2015இல் மூடியது. பழைய கடைத்தெருக்களை மால்கள் தின்றன, பழைய மால்களைப் புதிய மால்களும் பிறகு இணைய வியாபாரமும் தின்றன.

தந்தை கைவிட்ட பிள்ளை

குரூன் இதையெல்லாம் தூரத்திலேயே பார்த்துவிட்டார். மால் கட்டிச் சம்பாதித்தவர், பிற்பாடு நகர மையங்களைக் காப்பாற்றும் திட்டங்களில் தன் நேரத்தைச் செலவிட்டார். மிச்சிகன் மாநிலத்தின் கலமசூ நகரில் கடைத்தெருவைக் கார் இல்லாத நடைபாதையாக மாற்றியது அவருடைய திட்டத்தின் அடிப்படையில்தான். அது 1959இல் நடந்தது.

1968இல் வியன்னாவுக்கே திரும்பினார். விதி அங்கேயும் விடவில்லை. 1976இல் வியன்னாவின் தெற்கு எல்லையை ஒட்டி ஒரு ராட்சத மால் திறக்கப்பட்டது. எந்த ஊரின் கடைத்தெருவை மனதில் வைத்து அமெரிக்காவில் மால் கட்டினாரோ, அந்த ஊரின் கடைத்தெருவுக்கே மால் எதிரியாக வந்து நின்றது. 1978இல் லண்டனில் பேசியபோது, இந்தப் பிள்ளைகளுக்கு ஜீவனாம்சம் தரத் தான் தயாராக இல்லை என்று கடுமையாகவே சொன்னார். 1980இல் காலமானார்.

அவருக்குப் பிறகு அவர் பெயரில் ஒரு சொல் மட்டும் நிலைத்தது. எதையோ வாங்க வந்தவர், மாலின் ஒளியிலும் சுற்று வழிகளிலும் வந்த காரியத்தை மறந்து, கண்ணில் பட்டதை வாங்கத் தொடங்கும் நிலைக்கு 'குரூன் மாற்றம்' என்று பெயர். அவர் நினைத்தது உட்கார்ந்து இளைப்பாறும் மனிதர்களை. அவர் பெயர் ஒட்டிக்கொண்டதோ நினைவிழந்து செலவழிக்கும் மனிதர்களோடு.

அறுபது ஆண்டு தாமதம்

சவுத்டேல் தப்பிப் பிழைத்தது. ஆனால் உள்ளே நடந்த மாற்றங்கள் சுவாரசியமானவை. 2010களில் கார் நிறுத்துமிடத்தின் ஒரு மூலையில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்தன. ஒரு பெரிய டிபார்ட்மென்ட் ஸ்டோர் காலி செய்த இடத்தில் 2019இல் உடற்பயிற்சிக் கூடமும் பகிர்ந்து பயன்படுத்தும் அலுவலகமும் வந்தன. வீடு, வேலை, கடை எல்லாம் நடக்கும் தூரத்தில்! குரூன் 1950களில் வரைந்து கொடுத்தது இதைத்தான்.

இதற்குக் காரணம் யாருக்கும் திடீரென்று வந்த ஞானோதயம் அல்ல. கடை வாடகை குறைந்து, வீட்டு வாடகை உயர்ந்தபோது கணக்கு மாறியது. கணக்கு மாறியதும் கட்டடம் மாறியது. 1950களில் கடை லாபம் தந்தது, கடை கட்டினார்கள். இப்போது வீடு லாபம் தருகிறது, வீடு கட்டுகிறார்கள். நாளைக்கு எது லாபம் தருமோ அது வரும்.

குரூனின் தவறும் இங்கேதான் இருந்தது. சதுக்கத்தின் அருமை தெரிந்த அவர், அதற்குப் பணம் போட வியாபாரியைத் தேடினார். வேறு யாரும் போடத் தயாராக இல்லை என்பதும் உண்மைதான். வியாபாரி மீது குற்றம் சொல்லவும் முடியாது. அவர்கள் முதல் மாலில் மீன் குளமும் பறவைக் கூண்டும் வைத்தார்கள், அது தாராளம்தான். ஆனால் இருப்புநிலைக் குறிப்பில் பறவைக் கூண்டு ஒரு செலவு. பெஞ்சில் உட்கார்ந்து காசு செலவழிக்காமல் எழுந்து போகும் கிழவருக்கு அதில் எந்தப் பக்கத்திலும் இடம் இல்லை. கூட்டம் வரும்வரை அவர் அலங்காரம். கூட்டம் வந்த பிறகு அவர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் ஒரு சின்னக் கடை போடலாமே என்று தோன்றிவிடும்.

அந்தக் கிழவருக்காக ஒரு பெஞ்சு போட வேண்டும் என்றால் அதை ஊர்தான் போட வேண்டும். சவுத்டேலைச் சுற்றி அந்த ஊர் வந்து சேரத்தான் இவ்வளவு காலம் ஆயிற்று.